பவளம் அக்கா வீட்டுப் பலகைச் சுவர்

அன்று அங்கே நின்றவர்கள் ஐந்து பேர்: வீட்டுக்காரர் தில்லை அண்ணை, அவர் மனைவி பவளம் அக்கா, மகள் அஞ்சலி, போர்த்துக்கீசத் தச்சர் ஒருவர், நான். மதிலில் குந்தியிருந்த அடுத்த வீட்டுப் பூனையையும் சேர்த்தால் ஆறு. பூனையை நான் எப்போதும் சேர்த்துக்கொள்வேன். சுவரைத் திறந்ததும் முதலில் எழும்பிப் போனது அதுதான்.

இன்று காலை பாரிஸில், ரூ து ஃபொபூர் சேன்-தெனித் தெருவில் ஒரு மரக்கறிக் கடை வாசலில் வெறும் மரப்பெட்டிகளை மழையில் நனைய விட்டிருந்தார்கள். முருங்கைக்காய் எடுக்கக் குனிந்தேன். ஊறிய பலகையின் மணம் மூக்கில் ஏறியது. கையிலிருந்ததைத் திரும்ப வைத்துவிட்டேன்.

"என்னண்ணை, முத்தலோ?" என்றார் கடைக்காரர்.

"இல்லை, பெட்டி நனையுது."

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். ஊரார் பெட்டிக்கும் சேர்த்துக் கவலைப்படுகிற ஆள் நான் என்று லா சப்பல் தமிழ்க் கடைத்தெருவில் பலருக்குத் தெரியும். இவர் கடைக்குப் புதிது போல.

அந்த மணம் நகருக்கு வெளியே லெ பிளாங்-மெனிலில் இருந்த ஒரு வீட்டின் மணம். நாங்கள் எல்லோரும் ஓர் அறைக்குள் நாலு பேராகப் படுத்தெழும்பிய காலத்தில், எங்கள் கூட்டத்தில் முதன்முதலாகத் தோட்டத்தோடு வீடு வாங்கியவர் தில்லை அண்ணை. மரச்சட்டத்தில் எழுப்பிய வீடு. வெளிப்பக்கம் முழுக்கப் பலகை, மீன் செதில்போல ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கும். இங்கே அதை பார்டாஜ் என்பார்கள். பால் காய்ச்சிய அன்று பவளம் அக்கா குசினிக்குள் நின்று சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "இனி ஒருத்தன்ரை கதவைத் தட்டி அறை கேக்க மாட்டன். அஞ்சலின்ரை கலியாணப் பந்தலும் இந்த வளவுக்குள்ளைதான்." அஞ்சலிக்கு அப்போது பால்பல்லே விழவில்லை.

எனக்கு பார்டாஜ் பற்றிக் கொஞ்சம் தெரியும். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்குக் கிடைத்த வேலைகளில் ஒன்று, ஒரு குளிர்காலம் முழுக்கப் பலகை சுமந்தது. அதில் கற்றுக்கொண்டது கொஞ்சம், பயந்து வைத்தது நிறைய. அந்தப் பயத்தோடுதான் அந்த வீட்டுக்குப் போய் வருவேன்.

தில்லை அண்ணைக்கு வீடு என்றால் கழுவ வேண்டும். ஊரில் நம்முடையது கல்வீடுதானே, வருசம் பிறக்க முதல் வாளி வாளியாக அடித்து ஊற்றினாலும் மத்தியானத்துக்குள் வெயில் உறிஞ்சிவிடும். அதே கையோடு இங்கேயும் பொங்கலுக்கு முதல் நாள், ஜனவரிக் குளிரில், தண்ணீரைச் சீறி அடிக்கிற மெஷின் ஒன்றை வாடகைக்கு எடுத்து வருவார். ஏணியில் ஏறி, தொப்பலாக நனைந்தபடி, பலகை இடுக்கெல்லாம் அடிப்பார். அவ்வளவு சந்தோசமான ஆளை நான் பாரிஸில் பார்த்ததில்லை.

"அண்ணை, உது மரம். தண்ணி உள்ளுக்குப் போகும்."

"கழுவாத வீட்டிலை பொங்குறதோ? உனக்கென்னடா விசரே?"

இன்னொரு வருசம் போனபோது, சுவரின் அடியில் பலகைக்குக் கீழே இருந்த விரலளவு இடைவெளியைச் சீமெந்தால் அடைத்திருந்தார். நூல் பிடித்ததுபோல் நேராக. மேலே பலகைக்கு அடிக்கிற வெள்ளை மையும் பூசி. எலி வருகிறதாம்.

"காத்துப் போக விட்ட இடமெண்டு நினைக்கிறன், அண்ணை."

"குளிர் நாட்டிலை காத்து வரட்டுமெண்டு ஆரடா வீட்டுக்கு ஓட்டை வைப்பான்?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. நானும் சிரித்தேன்.

பிறகு சுவர் தானே சொல்லத் தொடங்கியது. மை அப்பளம்போலக் கொப்பளித்தது. குசினி யன்னலுக்குக் கீழே கறுப்பாக ஒரு கறை. துடைத்தால் அடுத்த மழைக்குத் திரும்ப வரும். பலகை நுனிகள் காய்ந்த இலைபோல வெளியே வளைந்தன. உள்ளே கோட்டைக் கழற்றி மாட்டும் மூலையில் இந்த மணம். நல்ல பலகை தட்டினால் 'டொக்' என்னும். யன்னலடிப் பலகை நனைந்த சாக்கைத் தட்டியதுபோல ஊமையாகக் கிடந்தது. மற்றவர்கள் சாப்பிட இருக்க, நான் வெளியே போய்த் தட்டுவேன்.

"தட்டாதை தம்பி," என்று அக்கா யன்னலால் தலையை நீட்டுவா. "ஆரோ வந்திட்டினமெண்டு நான் எழும்பி எழும்பிப் போறன்."

எல்லாவற்றுக்கும் பயப்படுகிறவனிடம் இதுதான் பிழை. காஸை மூடினேனா என்று படியிலிருந்து திரும்பி ஓடுகிறவன் சுவர் உக்குது என்றால் யார் கேட்பார்கள்? அண்ணை புதிதாக மை பூசினார். அது ஒரு கோடைக்குத்தான் நின்றது.

கடைசியில் கடன் எடுத்துப் பலகை மாற்றத் தச்சரைக் கூப்பிட்ட நாள்தான், நான் தொடக்கத்தில் சொன்ன நாள். அஞ்சலி அப்போது லிசே உயர்பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள். தச்சர் யன்னலடியில் ஒரு திருப்புளியை வைத்து அழுத்தினார். பிடிவரை சத்தமில்லாமல் இறங்கியது. மூன்று பலகையைக் கழற்றினார். பின்னால் நின்ற மரத்தூணைக் கிள்ளி எடுத்தார். நனைந்த பாண்போல விரலோடு வந்தது. எல்லாத் தூணும் அப்படித்தானா என்று பார்க்கச் சுற்றி வந்தார். அப்படித்தான்.

தச்சரின் பிரெஞ்சை அஞ்சலிதான் தமிழில் சொன்னாள். பலகை மட்டுமில்லையாம், வீட்டைத் தாங்குகிற மரமே போய்விட்டதாம். நாலைந்து வருசம் முதலே பலகையைக் கழற்றியிருந்தால் அதோடு முடிந்திருக்குமாம். பிறகு தச்சர் சீமெந்தைக் காலால் தட்டி ஏதோ கேட்டார். அதற்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை. யார் அடைத்தது?

அண்ணை அந்த நேரான கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எலி வருதெண்டு நான்தான் அடைக்கச் சொன்னனான்," என்றா பவளம் அக்கா. தமிழில் சொன்னா. தச்சருக்கு விளங்கியிருக்காது, சொன்னது அவருக்கும் இல்லை.

ஒருவரும் என் பக்கம் திரும்பவில்லை. வாழ்க்கையில் நான் பயந்து சரியாகப் போனது அதொன்றுதான். அந்தப் பயமும் பிழையாகவே போயிருக்கலாம்.

எடுத்த கடன் தூண்களுக்கே போதவில்லை. வாங்கி அடுக்கிய புதுப் பலகை தோட்டத்தில் கிடக்க, வீடு ஒரு குளிர்காலம் முழுக்கப் பிளாஸ்டிக் சீலை சுற்றி நின்றது. காற்றடித்தால் படபடவென்று அடிக்கும். "ஆரோ தட்டுற மாதிரிக் கிடக்கு," என்று அக்கா என்னிடம் ஒருநாள் சொன்னா. வசந்தம் வர, வெறும் காணி விலைக்கு விற்றார்கள். வீட்டுக் கடன் அதில் தீர்ந்தது. இப்போது அங்கே நாலு மாடிக் கட்டடம். பந்தல் போட இருந்த இடத்தில் கார் நிறுத்துகிறார்கள். அஞ்சலி மேரியில், நகரசபைக் கந்தோரில், கையெழுத்து வைத்துக் கலியாணம் முடித்துக்கொண்டாள்.

அண்ணையும் அக்காவும் லா சப்பலுக்குப் பக்கத்தில் மார்க்ஸ் டோர்மோயில் ஓர் அறை வாடகைக்கு எடுத்து இருக்கிறார்கள். பொங்கலுக்கு முதல் நாள் அண்ணை யன்னல் கண்ணாடியை ஈரத்துணியால் ஒருதரம் துடைப்பார். கழுவ வேறு ஒன்றும் இல்லை. பலகைக்கு எடுத்த கடன் மட்டும் மாதா மாதம் போகிறது. இன்னும் கட்ட இருப்பது பதினோராயிரத்து நானூறு யூரோ.