உடுப்புத் தோய்க்கும் நாளில் கழுவிய படம்

வினாகிரி மணம் வந்தால் எனக்குப் பசி வராது; படம் கழுவிய நினைவுதான் வரும். எண்பதுகளின் கடைசியில் சுவிஸ் நாட்டின் ஊஸ்டரில் நாங்கள் குடியிருந்த மாடிக் கட்டடத்தில், உடுப்புத் தோய்க்க ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு நாள் ஒதுக்கியிருந்தார்கள். அந்த "வாஷ்டாக்" தவறினால் அடுத்த முறை வரும்வரை அழுக்கோடு இருக்கவேண்டியதுதான். நிலவறையில் தோய்க்கும் அறைக்குப் பக்கத்திலேயே, சண்டை வந்தால் ஒளிந்துகொள்ளவென்று கட்டிய, தடித்த கதவு போட்ட இன்னோர் அறை இருந்தது. சண்டையே இல்லாத நாட்டில் "பங்கர்" எதற்கு என்று அம்மா கேட்பாள். யாழ்ப்பாணத்தில் வளவுக்குள் வெட்டிய பங்கரில் என்னை அணைத்தபடி கிடந்தவள் இந்தக் கதவுக்குள் கால் வைக்கமாட்டாள். அப்பாவுக்கோ அதைவிட நல்ல இருட்டறை வேறெங்கும் கிடைத்திராது.

எங்கள் அல்பம் ஊரில் வீட்டோடு எரிந்துபோனது. அம்மாவின் சேலை மடிப்புக்குள் தப்பி வந்தவை சில நெகட்டிவ்கள் மட்டுமே. அவற்றில் ஒன்றில் இருந்தவர் சின்னமாமா, அம்மாவின் ஒரே தம்பி. ஒருநாள் காலை சைக்கிளில் போனவர் திரும்பவில்லை. கடையில் கொடுத்தால் பெரிதாக்கித் தருவார்கள் என்று அப்பா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். "துலைஞ்சால் ஆர் திருப்பித் தாறது?" என்று அம்மா ஒரே பிடியாக நின்றாள்.

ஆகவே நெகட்டிவ் எவ்வளவு பெரிதோ படமும் அவ்வளவு பெரிதுதான். அப்பா படத்தாளின்மேல் நெகட்டிவை வைத்து, சாமிப் படத்திலிருந்து கழற்றிய கண்ணாடியால் அழுத்தி, பல்பை ஒருமுறை போட்டு அணைப்பார். சிவப்பு வெளிச்சத்தில் நான் படமருந்து ஊற்றிய சூப்புக் கோப்பையை ஆட்ட, வெறுந்தாளில் முகம் மெல்ல எழும்; அது மேலும் கறுக்காமல் நிறுத்த அடுத்த கோப்பையில் வினாகிரித் தண்ணீர். ஆடத் தெரியாதவனுக்கு மேடை கோணல் என்பதுபோல, படம் கறுத்துப்போகும்போதெல்லாம் அப்பா தாளைத்தான் திட்டினார்.

சின்னமாமா ஒருவழியாகத் தெளிவாக வந்த அன்று, அந்த ஈரப் படத்தை வெளியே கொண்டுபோய் உடுப்புக் கொடியில் மாட்டினேன். அம்மா கிட்ட வந்து பார்த்தாள். உள்ளங்கைக்குள் அடங்கும் படம். வலது கன்னத்தில் மச்சம்.

"தம்பிக்கு மச்சம் இடப்பக்கமெல்லோ?" என்றாள்.

"படம் பொய் சொல்லுமோ? உமக்குத்தான் மறந்துபோச்சு," என்றார் அப்பா, பகிடியாக.

அம்மா ஈரத் துணியைப் பிடித்தபடியே நின்றாள். "அவன்ரை முகமே மறந்துபோனால் நான் பிறகென்ன அக்கா?" என்று மெதுவாகச் சொன்னாள். எனக்கு அழுகை வந்தது. அப்பா தன் வாயை நொந்துகொண்டு நின்றார்.

உடுப்பு காத்திருக்காது. அம்மா அப்பாவின் சட்டையை உதறி, படத்துக்குப் பக்கத்தில் கொடியில் போட்டாள். சட்டையின் இடப்பக்கப் பையைத் தடவிவிட்டவள், திரும்பிப் படத்தில் தம்பியின் சட்டையைப் பார்த்தாள்.

"இஞ்சேருங்கோ, எந்தத் தையல்காரன் வலப்பக்கம் பை வைக்கிறவன்? நெகட்டிவைப் பிரட்டி வைச்சிட்டியள்."

அப்பா பங்கருக்குள் ஓடினார், நானும் போனேன். கதவைச் சாத்தும் நேரத்தில் அம்மாவும் உள்ளே வந்தாள்.

"பயமில்லையோ?" என்றார் அப்பா.

"பயம்தான். சாத்துங்கோ. என்ரை கண்ணாலை பாக்கவேணும்."

இடது கன்னத்தில் மச்சம் எழுந்தபோது அம்மாவின் விரல்கள் என் தோளில் அழுந்தி வலித்தன. "நான் மறக்கேல்லை," என்றாள்.

இப்போது அந்தக் கட்டடத்தில் வீட்டுக்கு வீடு தோய்க்கும் இயந்திரம், "வாஷ்டாக்" இல்லை. பங்கரில் யாரோ பனிச்சறுக்குப் பலகைகளை அடுக்கியிருக்கிறார்கள். அப்பா இல்லை. சின்னமாமாவைப் பற்றி இன்றுவரை ஒரு செய்தியும் இல்லை. அவர் படத்தைச் சாமித்தட்டில் வைக்க அம்மா சம்மதிக்கவுமில்லை. அலுமாரிக் கண்ணாடியின் ஓரத்தில் இரண்டு படங்களையும் சேர்த்துச் செருகி வைத்திருக்கிறாள். பிழையாக வந்ததையும் ஏன் வைத்திருக்கிறீர்கள் என்று போன கிழமை கேட்டேன்.

"அது பிழையில்லைப் பிள்ளை. சீப்பாலை தலை இழுக்கேக்கை கண்ணாடியிலை அவன் தன்னை அப்பிடித்தானே பாத்திருப்பான்," என்றாள்.