துணைக்கு எழுந்தவள்

வெள்ளைக்காரன் காலத்தில் நான் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர். ஒருமுறை சேந்தமங்கலத்திலிருந்து மலையேறி, பைல் நாடு என்ற மலைப்பகுதியில் இருந்த பள்ளி ஒன்றுக்குப் போயிருந்தேன். முன்வரிசைச் சிறுமி ஒருத்தியைப் பாடம் வாசிக்கச் சொன்னேன். எழுந்தாள், வாய் திறக்கவில்லை. பக்கத்தில் இருந்த, எண்ணெய் காணாத தலையோடு ஒல்லியாக இருந்தவளும் கூடவே எழுந்து நின்றாள்.

"உன்னை யார் எழச் சொன்னது?" என்றேன்.

"யாரும் சொல்லலீங்க சாமி. இவ அம்மா செத்துப்போயிட்டாங்க. அதிலிருந்து தனியா நின்னா இவளுக்கு அழுகை வந்துருதுங்க."

"தினமும் இப்படித்தானுங்க" என்று அவளை அதட்டப்போனார் வாத்தியார். நான் கையமர்த்தினேன்.

"எத்தனை நாளைக்கு இப்படி நிற்பாய்?"

"இவ வேண்டாங்கற வரைக்குங்க."

சற்று நேரத்தில் முதல் சிறுமி மெல்ல வாசிக்கத் தொடங்கினாள். நன்றாகவே வாசித்தாள். மற்றவளை மெச்சலாம் என்று திரும்பினேன். அவளோ தனக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லாததுபோல ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றாள்.