எண்ணெய் தேய்த்துக் குளித்த கார்

மேலகரம் சிவனணைந்தபெருமாளுக்குக் கார்தான் எல்லாம். கீழப்பாவூர்ப் பண்ணையார் ஒருவரிடம் பல வருஷம் டிரைவராக இருந்து, அவர் கூப்பிட்ட நேரமெல்லாம் ஓடி, ஒருவழியாக ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தாறில் பழைய கறுப்புக் கார் ஒன்றைச் சொந்தமாக வாங்கி டாக்ஸி ஓட்ட ஆரம்பித்தார். இனி இன்னொருத்தன் வண்டியில் கை வைப்பதில்லை என்று மனைவி குருவம்மாளிடம் சொன்னாராம். அந்த வீம்பு எனக்குப் பிடித்திருந்தது, அதை மறைப்பானேன்.

குற்றாலச் சீசன் வந்தால் தென்காசி ஸ்டேஷனுக்கும் அருவிகளுக்கும் ஓயாத ஓட்டம். ஆனி, ஆடி முழுக்கச் சாரல். ரோட்டுச் சேறெல்லாம் காரின் அடியில் அப்பிக்கொள்ளும். துருப்பிடிக்காமல் இருக்க அடியில் பழைய எஞ்சின் ஆயில் பூச வேண்டும் என்று அவருக்குத் தெரியும். கழுவுவது, பூசுவது இரண்டில் எதை முதலில் செய்வது என்பதில்தான் வந்தது வினை. குற்றாலத்துக்கு வருகிறவர்கள் என்ன செய்வார்கள்? முதலில் உடம்பெல்லாம் எண்ணெய், அப்புறம் அருவி. இவரும் வாராவாரம் சேற்றின் மேலேயே ஆயிலைப் பூசி, சிற்றாற்றில் முழங்கால் தண்ணீரில் காரை இறக்கிக் குளிப்பாட்டினார்.

தென்காசியில் பட்டறை வைத்திருந்த ஹபீபுல்லா அதைப் பார்த்துவிட்டு நயமாகத்தான் சொன்னார். முதலில் சேற்றைச் சுரண்டிக் கழுவ வேண்டும், வெயிலில் நன்றாகக் காயவிட வேண்டும், ஆயில் கடைசியில். இல்லாவிட்டால் ஈரம் உள்ளேயே உட்கார்ந்து தகட்டைத் தின்றுவிடும் என்றார். இவர் கேட்டால்தானே?

“குத்தாலத்துத் தண்ணியில வளந்தவனுக்கு எண்ணெக் குளியல் சொல்லித் தாரீராக்கும்?” என்று சிரித்துவிட்டு வந்துவிட்டார். அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சலாக வருகிறது.

அறுபதில் சீசனுக்கு முன்னால் பிரேக் பார்க்கக் காரைப் பட்டறைக்குக் கொண்டுபோனார். ஹபீபுல்லா ஜாக்கி வைத்துத் தூக்கினார். ஜாக்கி ஏறியது, கார் ஏறவில்லை. அடிச்சட்டம் அப்பளமாக நொறுங்கி ஜாக்கி உள்ளே போயிருந்தது. கீழே படுத்துச் சுரண்டிப் பார்த்தால், ஆயிலுக்கு அடியில் மண் ஈரமாகவே இருந்தது. மண்ணோடு தகடும் பொரிந்து பொரிந்து விழுந்தது.

வெல்டிங் வைத்தாவது இந்த ஒரு சீசனை ஓட்டிவிடலாம் என்று சிவனணைந்தபெருமாள் கெஞ்சினார்.

“ஒட்டுப் போடணும்னாலும் நல்ல தகடு வேணும்லா அண்ணாச்சி. இனி இதுல ஆள ஏத்தக் கூடாது.”

ஹபீபுல்லா மறுபடி கீழே குனிந்தார். “போதும் பாய், சுரண்டாதேயும்” என்று இவர் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். வீட்டில் குருவம்மாள் அழுதாள். கார் பழைய இரும்புக்குப் போனது.

அந்த ஆனியில் சாரல் பிரமாதம், கூட்டமும் அப்படி. சுரண்டை ஊர் வியாபாரி ஒருவர் வாங்கி வாடகைக்கு விட்ட டாக்ஸிக்கு டிரைவராகி ஸ்டேஷன் வாசலில் நின்றார் சிவனணைந்தபெருமாள். மதுரைக் குடும்பம் ஒன்று ஏறியது. வண்டியை இவ்வளவு சுத்தமாக வைத்திருக்கிறீர்களே, சொந்த வண்டியா என்று முன் சீட்டில் இருந்த பெரியவர் கேட்டார்.

இவர் ரோட்டைப் பார்த்தபடியே, “இல்ல ஐயா, நான் ஓட்டுதேன்” என்றார்.