இரண்டு ஹெல்மெட்

லிஃப்ட் மெக்கானிக்குக்கு உட்காரத் தெரியாது. வேலை பார்த்த காலமெல்லாம் மேலும் கீழுமாகவே போய்வந்த மனிதர். ஓய்வு பெற்ற பிறகும் கால் அடங்கவில்லை. மறதிநோய் முற்றிய மனைவியைப் பராமரிப்பு இல்லத்தில் சேர்த்ததிலிருந்து அவர் கைவரிசை அங்கே. ஜன்னல் கொக்கியை ஆட்டிப் பார்ப்பார். நன்றாக ஓடுகிற கடிகாரத்தைக் கழற்றி, நிறுத்திவிட்டு வருவார்.

"கொஞ்சம் உட்காருங்களேன்" என்பார் மனைவி. மாட்டார்.

சிக்கல் கிளம்பும்போதுதான். இவர் ஹெல்மெட்டை எடுத்ததும் மனைவி எழுந்து தலைமுடியைச் சரிசெய்துகொள்வார். "வாங்க, போலாம். வீட்ல விளக்குகூடப் போடல." நர்ஸ் கதவருகே தடுத்தால் அழுகை. தினமும் இதே கூத்து. இவரும் சும்மா போகாமல், தெருமுனைவரை போய்த் திரும்பி, ஜன்னலில் எட்டிப்பார்த்து, மாட்டிக்கொண்டு, ஓய்ந்த அழுகையை மறுபடி தொடங்கிவைத்த நாட்களும் உண்டு.

நோயாளிகளின் குடும்பத்தாரைக் கவனிப்பதற்கென்றே அங்கே ஓர் அம்மாள் இருந்தார். ஒருநாள் வாசலிலேயே மடக்கினார்.

"சார், கையில எத்தனை ஹெல்மெட்?"

குனிந்து பார்த்தார். இரண்டு. ஒன்று அவருடையது, இன்னொன்று பின்சீட்டுக்காரருடையது. கல்யாணமானதிலிருந்து இரண்டையும் சேர்த்தே எடுத்துப் பழகிய கை.

"கூட்டிட்டுப் போக வந்த மாதிரி நின்னா, பாவம், அவங்க கிளம்பத்தானே செய்வாங்க? வாட்ச்மேன்கிட்ட குடுத்துட்டுப் போங்க. அப்புறம், சனிக்கிழமை இங்க இருக்கிறவங்களோட சொந்தக்காரங்க எல்லாம் கூடி மனசுவிட்டுப் பேசுவாங்க. நீங்களும் வாங்க."

"எனக்கென்னம்மா குறை? அவ அழாம இருந்தா போதும்."

வெறுங்கையோடு உள்ளே போனார். கிளம்பும் நேரம் மனைவி அருகே போய் நின்றார். "சரி, வரட்டுமா?"

மனைவி பக்கத்துக் கட்டில்காரியோடு பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. "பார்த்துப் போங்க."

அவ்வளவுதான். கேட்டது கிடைத்துவிட்டது. மெக்கானிக் நகரவில்லை. "வரட்டுமா?" என்றார் மறுபடியும், சற்று உரக்க.

"அதான் சொல்லியாச்சே! எத்தனை தடவை?"

வாசலில் வாட்ச்மேன் இரண்டையும் நீட்டினார். ஒன்றைத் தலையில் மாட்டினார். மற்றதைப் பின்சீட்டில் வைத்தார், எடுத்தார், வண்டிக் கண்ணாடியில் தொங்கவிட்டார், எடுத்தார். பிறகு தலையில் மாட்டியதைக் கழற்றாமலேயே அந்த அம்மாளின் அறைக்குப் போய் நின்றார்.

"அந்த சனிக்கிழமை கூட்டம்..." தொண்டையைச் செருமினார். "உட்கார்ந்துதான் ஆகணுமா?"

"நடந்துக்கிட்டேகூடப் பேசலாம் சார். எங்களுக்குப் பழக்கம்தான்."

மனைவியின் ஹெல்மெட்டை மேசைமேல் வைத்தார். "அதுவரைக்கும் இது இங்கேயே இருக்கட்டும்மா. வீட்டுக்குக் கொண்டுபோனா, காலைல கை தானா எடுத்துடுது."