அடியில் தங்காத சிவப்பு

வெங்கடம்மாள் கடைப் பருப்பை நம்பமாட்டாள். பாக்கெட்டில் வரும் துவரம்பருப்புக்கு அவள் வைத்த பேர் 'செத்த பருப்பு'. தேன்கனிக்கோட்டைப் பக்கத்து ஊரைவிட்டு, மகள் சௌமியாவின் ஃபேக்டரி வேலைக்காக ஓசூரில் ஒற்றை அறைக்குக் குடிவந்து மூன்று வருடம் ஆகிறது. ஊரில் நிலத்தைப் பார்த்துக்கொண்டு தனியாகக் கிடக்கும் கணவன் திம்மராயன், மாதம் ஒருமுறை செம்மண் கட்டிய துவரையைப் பையில் போட்டு பஸ்ஸில் அனுப்புவார். வண்டு விழாமலிருக்கச் செம்மண்ணைக் குழைத்துப் பூசிக் காயவைத்த துவரை அது. கழுவி ஊறவைத்து, முழுசாக வேகவைத்து, பூண்டும் மிளகாயும் தட்டிப்போட்டு மசித்துவிட்டால் களிக்கு வேறெதுவும் வேண்டாம். அந்தத் தெருவில் அவள் குழம்புக்குத் தப்பியவர் யாரும் இல்லை. வேண்டாமென்றாலும் கிண்ணத்தோடு வந்து நிற்பாள், அவ்வளவு பெருமை.

இந்த மாதத்துப் பை வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்தது. வாசலில் குண்டானை வைத்துக் கழுவினாள். தண்ணீர் சிவந்தது. அது எப்போதும் சிவப்பதுதான். ஆனால் செம்மண் சற்று நேரத்தில் அடியில் போய்த் தங்கிவிடும், மேலே தண்ணீர் தெளிந்துவிடும். இது தங்கவில்லை. மூன்றாவது கழுவலிலும் ரோஜா நிறத்தில் அப்படியே நின்றது. கை விரலிலும் ஒட்டியது. ஜலதோஷம் பிடித்த மூக்குக்கு வாசனை ஒன்றும் தெரியவில்லை.

"இந்த வருசம் மண்ணு நைசு போலக்கீது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அவள் கண்ணே அவளை எச்சரித்தது. அவள்தான் அதை அதட்டி உட்காரவைத்துவிட்டாள். தெளிகிற வரை கழுவி, தண்ணீரைச் சாக்கடை ஓரம் கொட்டினாள். சிதறிய நாலைந்து துவரையை வீட்டுக்கார ரங்கம்மாவின் கோழி ஓடிவந்து கொத்தியது.

மறுநாள் காலையில் குழம்பு கொதிக்கும்போது ரங்கம்மா கோழியைத் தேடி தெருவெல்லாம் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். ராத்திரி அடையவே இல்லையாம்.

சௌமியா தலைவாரிக்கொண்டே எட்டிப் பார்த்தாள். "நெறைய வைம்மா. ஸோயா பாதியப் புடுங்கிக்குவா."

ஸோயா அவளோடு ஒரே லைனில் வேலை செய்யும் பெண், அடுத்த தெரு ரோஷன் பீயின் மகள். வெங்கடம்மாள் சிரித்துக்கொண்டே பெரிய டப்பாவை எடுத்தாள். சனிக்கிழமை பெருமாளுக்கு விரதம், மதியம் வரை பச்சைத் தண்ணீர்தான். அதனால் உப்புக்கூடப் பார்க்கவில்லை. கைக்கணக்கில் போட்டு அனுப்பிவிட்டாள். தெருவுக்குக் கிண்ணம் எடுப்பதெல்லாம் விரதம் முடிந்த பிறகுதான்.

பதினொன்றரைக்கு திம்மராயன் போன் செய்தார். குரல் சரியாக இல்லை.

"ஏ, அந்தத் தொவரைய ஆக்கிட்டியா?"

"ஆக்கி அனுப்பியும் ஆச்சு. ஏனுங்க?"

"வெதைக்கலாம்னு இப்பத்தான் பையப் பிரிச்சேன். செம்மண்ணு கட்டுனது இங்க இருக்குது. உனக்கு வந்தது வெதைத் தொவரை. செவப்பு மருந்து போட்டது. ரெண்டும் ஒரே மாதிரி பையி, இருட்டுல மாத்திக் குடுத்துட்டேன். யாரும் வாயில வெக்காதீங்க!"

வாசலுக்கு ஓடிவந்தவளின் கண் முதலில் சாக்கடை ஓரத்துத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போனது. கோழி அங்கேதான் கிடந்தது, கால் விறைத்து.

ஃபேக்டரியில் போனை கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். சௌமியாவுக்கு அடித்துப் பயனில்லை, ஆபீஸ் நம்பரும் அவளிடம் இல்லை. பன்னிரண்டு மணிக்குச் சாப்பாட்டு மணி. ஆட்டோ பிடித்தாள். சிக்னலில் லாரிகள் நகர்வதாக இல்லை. வழியெல்லாம் 'என் பொண்ணு, என் பொண்ணு' என்பதைத் தவிர அவள் வாயில் வேறு சொல் வரவில்லை. கேட்டுக்கு வந்தபோது பன்னிரண்டு இருபது.

செக்யூரிட்டி முத்துமணி உள்ளே போன் போட்டார். ஐந்து நிமிடம் கழித்து நீலச் சட்டையோடு சௌமியா நடந்துவந்தாள். நடந்துதான் வந்தாள்.

"சாப்ட்டியாடி?"

"இல்லம்மா. காத்தாலருந்து தலவலி, டீதான் குடிச்சேன். ஏன் இப்பிடி ஓடியாந்த?"

வெங்கடம்மாள் மகளைக் கட்டிக்கொண்டு அழுதாள். பெருமாளே, பெருமாளே என்று வாய்விட்டுக் கும்பிட்டாள். அத்தனை சந்தோஷம் அவள் வாழ்நாளில் பட்டதில்லை.

"டப்பா எங்கடி? கொண்டா, கொட்டிடலாம்."

"அதுல என்ன இருக்குது கொட்ட? ஸோயா முழுசாத் தின்னுட்டா. 'அம்மா கையில என்னமோ இருக்குது'ன்னா."

மகளைக் கட்டிய கை அப்படியே நின்றுவிட்டது. காலையில் சிரித்துக்கொண்டு பெரிய டப்பா எடுத்தது இந்தக் கைதான். வழி நெடுக அந்தப் பெண்ணை ஒரு தடவையாவது நினைத்தாளா? இல்லை. இன்னொருத்தி பெற்றது தின்றிருக்க, பெருமாளைக் கும்பிட்டுக்கொண்டு நின்றிருக்கிறாள்.

முத்துமணியின் மேசையில் போன் அடித்தது. எடுத்துக் கேட்டவர் பெரிய கேட்டைத் திறக்க எழுந்தார்.

"லைன்ல ஒரு புள்ள வாந்தியெடுத்து மயங்கி விழுந்துருச்சாம். ஆம்புலன்ஸ் வருது. என்ன சாப்டுச்சுன்னு யாருக்கும் தெரியலயாம்."

வெங்கடம்மாள் மகளை விட்டுவிட்டு அவர் முன்னால் போய் நின்றாள்.

"எனக்குத் தெரியும்ணா. நான் ஆக்குனது. வெதைக்கு மருந்து போட்ட தொவரை. டாக்டர்கிட்ட அதச் சொல்லணும், என்னையும் வண்டியில ஏத்துங்க."