பிடிச்சுத்தான் போறேன்

தம்பானூர் ரயில் நிலையத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் கரகாட்டக்காரி. கோயில் கொடைத் திருவிழாவில் ஆடிவிட்டு, அடுத்த ஊருக்குப் போகக் காத்திருந்தாள். மெலிந்த உடம்பு. கழுவியும் போகாத ரோஸ் பவுடர் காதோரம் ஒட்டியிருந்தது. உட்கார்ந்திருந்தாலும் பாதம் தாளம் போட்டபடியே இருந்தது.

போன் ஸ்பீக்கரில் அவள் மகள் அழுதாள். "என் பிறந்தநாளுக்கு வரமாட்டியாம்மா?"

"இல்ல தங்கம். அன்னைக்கு ஆட்டம் இருக்கு. மறுநாள் வந்துருவேன்."

அவள் போனை வைத்ததும், "வயித்துப்பாட்டுக்குப் போறேன்னு சொன்னா பிள்ளை புரிஞ்சுக்கிடும்லா?" என்றேன்.

"அது பொய்யாயிரும் அண்ணாச்சி. எனக்குத் தையல் தெரியும், வீட்டுல இருந்தே பொழைச்சுக்கிடலாம். ஆட்டம் பிடிச்சுத்தான் போறேன். அவகிட்டயும் அப்படித்தான் சொல்லியிருக்கேன்" என்றவள், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஆபீஸ் வேலை என்று சாக்குச் சொல்லியே மகனின் பள்ளி விழாக்களுக்குப் போகாமல் இருந்தவன் நான். ரயில் வந்ததும் அவளுடைய பெட்டியைத் தூக்கி ஏற்றிக்கொடுத்தேன்.