கொட்டங்காய் மரத்துக்கு நான் போட்ட விலை

கொழும்பு வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்கும் ஒழுங்கையொன்றில், ஆறு மாடி ஃபிளாட் ஒன்றின் மூன்றாம் மாடியில் நானும் மனைவியும் இருக்கிறோம். கடல் தெரியும் வீடு என்றுதான் விற்றார்கள். வாங்கி இரண்டு வருடத்தில் முன்னால் ஒன்பது மாடி எழும்பியது. அதன் பிறகு கடலின் வேலை, உப்புக் காற்றாக வந்து எங்கள் ஜன்னல் கம்பிகளைத் தின்பது மட்டுமே. எங்களுக்கு மிஞ்சியது கீழே, கார் விடும் முற்றத்தின் மூலையில் நின்ற ஒரு கொட்டங்காய் மரம், நாட்டு வாதுமை என்பார்களே, அதுதான். அதன் உச்சி சரியாக எங்கள் பல்கனிக்கு நேரே இருந்தது.

முழங்காலில் ஒப்பரேஷன் செய்தபின் மனைவி கீழே இறங்குவது அநேகமாக நின்றுவிட்டது. காலைத் தேநீரோடு பல்கனிக் கதிரையில் போய் உட்கார்ந்தால் பத்து மணிவரை அங்கேதான். கிளி வந்துவிட்டது, அணில் ஒன்றையொன்று கலைக்கிறது, இன்றைக்கு இன்னொரு இலை சிவந்துவிட்டது என்று உள்ளே இருக்கும் எனக்குச் செய்தி வந்துகொண்டேயிருக்கும். நிம்மதியாகப் பேப்பர் படிக்க விடுகிறாளா என்று நான் புறுபுறுப்பேன்.

அந்த மரத்தால் ஐந்து சதப் பிரயோசனமில்லை என்பதில் மட்டும் எங்கள் ஃபிளாட்டில் அப்படியொரு ஒற்றுமை. லிஃப்ட் திருத்துவதற்கு மூன்று மாதம் சண்டை பிடித்தவர்கள், மரம் என்றதும் ஒரே குடும்பமாகிவிட்டார்கள். காய் விழுந்து பொனட் நெளிகிறதாம். வௌவால் எச்சம் வெள்ளைக் காருக்கு ஒத்துவரவில்லையாம். ஒரு இலை விழுந்தால் போதும், வாட்ஸ்அப் குரூப்பில் நாலு பக்கத்தாலும் எடுத்த படம் வரும்.

மரத்தை எடுத்தால் இரண்டு பார்க்கிங் வரும் என்று ஒருவர் அதில் எழுதினார். அவர் இருப்பது டொரொன்டோவில். எங்கள் ஃபிளாட்டில் பாதி வீடுகளின் சொந்தக்காரர்கள் அங்கேயும் லண்டனிலும்தான். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வந்து, ‘என்ன வெக்கையப்பா’ என்று ஏசிக்குக் கீழே படுத்துவிட்டுப் போகிறவர்கள். ஆனால் வாக்களிப்பதில் ஒரு குறையும் வைக்கமாட்டார்கள். பார்க்கிங் கூடினால் வீட்டின் பெறுமதி கூடும். மரம் நின்றால் என்ன கூடும்? நியாயமான கேள்விதான்.

“நீங்கள் மீட்டிங்கில போய்ச் சொல்லுங்கோவன், மனிசிக்கு அந்த மரம் வேணுமாமெண்டு,” என்றாள் மனைவி.

“சிரிப்பினம். மீட்டிங்கில உன்ர விருப்பம் எடுபடாது. கணக்கெண்டாத்தான் கேப்பினம்.”

“எனக்கு அதைவிட்டா வேற என்ன இருக்கு, பாக்கிறதுக்கு?”

“நீ சும்மா இரு. நான் பாத்துக்கொள்ளுறன்.”

நான் முப்பது வருடம் கட்டட வேலைகளுக்கு அளவும் விலையும் போட்ட கியூ.எஸ். எத்தனை மூடை சீமெந்து, எத்தனை கியூப் மணல் என்று எழுதியே தலை நரைத்தவன். அந்தப் பெரிய மூளையைப் பாவித்து, மூன்று நாள் குந்தியிருந்து மரத்துக்கு ஒரு பட்டியல் தயாரித்தேன். நிழலால் கார் பெயின்ட் மங்காமல் இருப்பதற்கு ஒரு தொகை. முன்பக்க வீடுகளில் ஏசி குறைவாக ஓடுவதற்கு ஒரு தொகை. வௌவாலைக்கூட விடவில்லை, எச்சம் பசளை என்று அதற்கும் ஒரு வரி. கடைசி வரியில் ‘பார்க்க விருப்பம்’ என்று எழுதினேன். அதை எதால் அளப்பது? சதுர அடியா, மணித்தியாலமா? அரை மணி நேரம் யோசித்தேன். ஒரு கியூ.எஸ். எழுதுகிற வரியா இது என்று வெட்கமாக இருந்தது. அழித்துவிட்டேன்.

கூட்டம் நடந்தது அந்த மரத்துக்குக் கீழேயேதான். வேறெங்கே நிழல்? பிளாஸ்டிக் கதிரைகளைப் போட்டு, வெளிநாட்டுக்காரருக்காக ஒரு கதிரையில் ஃபோனைச் சாய்த்து வைத்தார்கள். ஃபிளாட் சங்கத் தலைவர் வங்கி மனேஜராக இருந்து இளைப்பாறியவர். என் பட்டியலை வரி வரியாக வாசித்துத் தலையாட்டினார்.

“அருமையான வேலை அண்ணை. இப்பதான் ஒரு தெளிவு வந்திருக்கு.”

சொல்லிவிட்டு, என் மொத்தத்துக்குப் பக்கத்தில் இரண்டு பார்க்கிங்கின் விலையை எழுதினார். மரம் பக்கத்திலேயே வரவில்லை. “சுப்பர் ரிப்போர்ட் அங்கிள்!” என்றது ஃபோன். அதுவரை மரம் விலையில்லாத ஒரு கரைச்சல். விலை தெரியாததை எப்படிக் கழிப்பது என்று தெரியாமல் வருடக்கணக்காக அதைச் சுற்றிச் சுற்றிக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். நான்தான் சுகமான வழியைக் காட்டிக் கொடுத்தேன், அதுவும் இலவசமாக.

இரண்டு கிழமையில் வெட்டினார்கள். இயந்திர வாளின் சத்தம் தொடங்கியதும் மனைவி பல்கனிக் கதவைச் சாத்திவிட்டு, அறைக்குள் போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அழுகிறாள் என்று தெரிந்தும் பக்கத்தில் போக எனக்குத் துணிவு வரவில்லை.

ஒரு மாதம் கழித்து, பார்க்கிங் விற்றதற்கான பத்திரத்தில் கையெழுத்து வாங்கத் தலைவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். வாங்கியது டொரொன்டோக்காரர். அவருக்கு இங்கே ஒரு சைக்கிள்கூடக் கிடையாது. தலைவர் தேநீரோடு பல்கனிக்குப் போனார். வெய்யில் முகத்தில் அடிக்க, கையால் கண்ணை மறைத்தார்.

“சீ, என்னவோ மாதிரி இருக்கு. நானும் மேல் மாடியில இருந்து அந்தக் கிளியளைப் பாத்துத்தான் காலமை தேத்தண்ணி குடிக்கிறனான்.”

மனைவி நிமிர்ந்து பார்த்தாள். “அப்ப ஏன் வெட்டவிட்டனீங்கள்?”

“நான் என்ன செய்யிறது அக்கா? ஆராவது ஒராள் விருப்பமெண்டு வாய் திறந்திருந்தா, நானும் ஓமெண்டு கை தூக்கியிருப்பன். அண்ணையே கணக்கைக் கொண்டுவந்து தந்தாப் பிறகு, நான் என்னெண்டு விருப்பமெண்டு சொல்லுறது? சிரிக்கமாட்டினமே?”

அவர் போனபிறகு மனைவி ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். “அந்தக் கதிரையை எடுத்து உள்ளுக்குப் போடுங்கோ,” என்றாள். எடுத்து டீவிக்கு முன்னால் போட்டேன்.